முழங்கால் தேய்ந்த அத்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதா, வேண்டாமா?

சூரமங்கலம் மருமகள்

மே மாத விடுமுறையில் குடும்பத்தினர் அனைவரும் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, சேலத்திலிருந்து பெங்களூருவைத் தாண்டிப் பிடதியில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரே நாளில் சென்று திரும்பத் திட்டமிட்டிருக்கிறோம். என் அத்தைக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, 74 வயது ஆகிறது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டதால் வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். படி ஏறவும் இறங்கவும் ஒருவர் துணை வேண்டும். அவரை அன்று ஒரு நாள் அம்மாபேட்டையில் நாத்தனார் வீட்டில் விட்டுச் செல்லலாம் என்கிறார் என் கொழுந்தனார். அத்தையோ "நானும் வருகிறேன்" என்கிறார். இதே நிலையில் இருக்கும் பெரியவர்களுடன் சென்றவர்கள் கருத்துக் கூறினால் உதவியாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. போகவும் வரவும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயையும் ஓசூர் நெரிசலையும் கடந்து போய்த் திரும்ப ஒன்பது மணி நேரமாவது வேனில் உட்கார வேண்டியிருக்கும். அதன் பிறகு பூங்காவுக்குள் என்ன நடக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நீர் விளையாட்டுப் பகுதியில் சேலையுடன் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடைதான் அணிய வேண்டும் என்பது இத்தகைய பூங்காக்களில் பொதுவான விதி. உங்கள் அத்தை அந்த உடைக்கு மாறப்போவதில்லை. எனவே ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, "அம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பைகள், கைப்பேசிகள், செருப்புகள் எல்லாவற்றையும் அவர் மடியிலும் காலடியிலும் குவித்துவிட்டு எல்லோரும் போய்விடுவீர்கள். லாக்கர் வாடகை மிச்சமாகும் என்பதைத் தவிர அவர் வந்ததால் யாருக்கும் ஒரு பயனும் இராது. நுழைவும் சவாரிகளும் சேர்த்து ஒரே கட்டணம் என்பதால், மூத்த குடிமக்களுக்கான சலுகை போக மீதித் தொகையையும் அவர் ஏறாத சவாரிகளுக்காகவே கட்டுவீர்கள்.

கன்னங்குறிச்சி வழக்குரைஞர்

பைக்குக் காவல் வைப்பது குடும்பத்தின் குற்றம். அதற்குத் தண்டனையாக அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. வருகிறேன் என்று அவரே வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவருக்கு அங்கே பொழுது போகாது என்று நாம் முடிவு செய்வது அன்பின் பெயரால் செய்யும் அதிகாரம்.

சட்டத்தையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்தும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. அங்கே தடையற்ற அணுகல் இருக்க வேண்டும். சாய்தளத்தின் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. உங்கள் அத்தையிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் இருக்கலாம். ஆனால் சாய்தளம் யாரிடமும் அட்டை கேட்பதில்லை. இவரைப் போன்றவர்கள் வராமல் இருக்கும் வரை, வருவதற்கு ஆள் இல்லை என்று சொல்லியே எதையும் கட்டாமல் இருந்துவிடுவார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

சட்டம் நல்ல சட்டம்தான், ஐயா. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குக் கால் வீங்கி உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்தில் சட்டம் வந்து உட்காராது. பூங்காக்காரர் எவ்வளவு சாய்தளம் கட்டினாலும் ஒன்பது மணி நேர வேன் பயணம் ஒரு நிமிடம்கூடக் குறையப்போவதில்லை. சமூகத்தைத் திருத்தும் பொறுப்பை 74 வயது முழங்காலின் மீது சுமத்தாதீர்கள்.

அத்தைக்கும் ஒரு வெளியூர்ப் பயணம் வேண்டுமென்றால் ஏற்காடு இருக்கிறதே. மே மாதத்திலும் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியைத் தாண்டாது. சேலத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். அவருக்காகத் தனியாக ஒரு நாள் அங்கே போய் வாருங்கள். பிள்ளைகளைத் தனியாகப் பிடதிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏற்காட்டுவாசி

கீழே இருப்பவர்கள் ஏற்காட்டை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்தபின் பெரியவர்களில் பலர் தலைசுற்றலும் குமட்டலுமாக அரை நாள் படுத்துவிடுகிறார்கள். கிளியூர் அருவிக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. சேர்வராயன் கோயிலுக்கு அருகில் வரை வண்டி செல்லும் என்றாலும், குகைக்குள் இருக்கும் சன்னதிக்குக் குனிந்துதான் போக வேண்டும். ஏரியில் படகு சவாரி எளிது என்று நினைப்பார்கள். துறையிலிருந்து ஆடும் படகுக்குள் ஓரடி எடுத்து வைப்பதுதான் அங்கே உள்ளதிலேயே கடினமான வேலை. கோடை விழா நாட்களில் வந்தால் மலர்க் கண்காட்சிக்காக அண்ணா பூங்காவில் நிற்கும் கூட்டத்தில் வாக்கரை ஊன்ற இடம் இருக்காது. சமதளமாக வகுத்துக் கட்டிய ஒரு பூங்கா, சக்கர நாற்காலிக்கு எங்கள் மலையைவிட வசதியானதாகவே இருக்கும். அத்தைக்கு ஏற்காடு என்று ஒதுக்கிவிட விரும்புவோர் இதையும் அறிந்து சொல்வது நல்லது.

கோரிமேடு பெரியவர்

நீங்கள் எல்லோரும் விவாதிக்கும் அந்த அத்தையின் இடத்தில் இருப்பவன் நான். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வாக்கருடன்தான் நடக்கிறேன். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் பந்தி நடப்பது மாடியிலோ நிலவறையிலோதான். கைப்பிடி இல்லாத படிகளில் இரண்டு பேர் அக்குளைப் பிடித்துத் தூக்க என்னைப் போன்றவர்கள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். பெரியவர்கள் வராவிட்டால் மரியாதை இல்லை என்பதால் அதற்கு மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் சிரிக்கும் இடத்துக்குப் போவதென்றால்தான் எங்கள் முழங்காலைப் பற்றிய கவலை எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

வணிகர் ஐயா சொன்ன மரத்தடியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பேரன் சறுக்கில் வந்து விழுந்து, எழுந்து, நான் பார்த்தேனா என்று என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அதைச் சலிப்பு என்று என் சார்பில் இன்னொருவர் எழுதுவதை ஏற்க முடியவில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அஸ்தம்பட்டி இயன்முறை மருத்துவர்

பெரியவர் கடைசியாகச் சொன்ன செய்திதான் மருத்துவ நோக்கில் மிக முக்கியமானது. மூட்டு வலி உள்ள முதியோர், குறிப்பாகப் பெண்கள், வெளியூரில் கழிப்பறையை நினைத்துத் தண்ணீரைத் தவிர்ப்பார்கள். இரத்த அழுத்தத்துக்காகச் சிலர் காலையில் நீர் மாத்திரையும் எடுத்திருப்பார்கள். வெயிலும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவது இயல்பு. மேலைநாட்டுக் கழிப்பறையும் பக்கச் சுவரில் பிடிமானமும் எங்கே இருக்கின்றன என்பதை நுழைந்தவுடன் பார்த்து அவரிடம் காட்டிவிட்டால், அவராகவே தண்ணீர் கேட்பார். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மற்றவர்களின் விளையாட்டு முடியும் வரை மதிய உணவைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்குள் வாக்கரில் நடப்பவர் பூங்காவிலும் நடந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். வீட்டில் நடப்பது முப்பது நாற்பது அடி. பூங்காவில் இரண்டு மூன்று கிலோமீட்டர். ஈரத்தரையில் வாக்கர் கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தால் அது வழுக்கும் என்பதால், புறப்படும் முன் நான்கையும் மாற்றிவிடுங்கள். அதைவிடச் சக்கர நாற்காலியே பாதுகாப்பு. "நான் என்ன முடமா?" என்று மறுப்பார். ஆனால் தள்ளுபவர் எப்போதும் மருமகளாக இல்லாமல் பேரனும் மகனும் மாறி மாறித் தள்ளினால் அந்த மறுப்பு விரைவில் தணிவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். நாற்காலியிலிருந்து எழும்போது கால் தாங்கியை மடக்காமல் அதன் மீதே ஊன்றி எழுவதால்தான் பலர் விழுகிறார்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இறக்க வேண்டும்.

சவாரிகளைப் பொறுத்தவரை, குலுக்கும் எதுவும் வேண்டாம். மெதுவாகச் சுற்றும் சவாரியிலும், ஏறும் இடத்தில் அது முழுமையாக நிற்குமா, நாற்காலியிலிருந்து தாமாகவே இருக்கைக்கு மாற முடியுமா என்பதை முதலில் கேளுங்கள்.

வேன் பயணத்தில் மட்டும் நான் வணிகர் பக்கம். தேய்ந்த முழங்கால் ஒரே நிலையில் மடங்கியிருந்தால் இறுகிவிடும். மணிக்கு ஒரு முறையாவது இறங்கி நிற்க வேண்டும். வேனின் முதல் படி உயரமானது என்பதால் ஒரு மர முக்காலியும் உடன் இருக்கட்டும். ஒரே நாளில் போய் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சூரமங்கலம் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அத்தையைத் தனியாக உட்கார வைத்து, மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும் அந்த நான்கைந்து மணி நேரம் அங்கே என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்டேன். பேரன் சறுக்கில் வருவதைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் யாராவது ஒருவர் பேச்சுத் துணைக்கு இருக்க வேண்டும், பைகளைத் தன்னிடம் தரக் கூடாது என்று மூன்றையும் யோசிக்காமல் சொன்னார். எனவே ஓசூரில் தரைத்தள அறை எடுத்து ஓர் இரவு தங்குவது, பெரியவர்கள் மணிக்கு ஒருவராக அவருடன் இருப்பது, லாக்கருக்குப் பணம் கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அறை வாடகையைக் கேட்டுக் கொழுந்தனார் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்

உங்கள் கொழுந்தனாரை எனக்குப் புரிகிறது. இரவு தங்குவதாக இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. மணிக்கு ஒருவர் என்று சேலத்தில் ஒப்புக்கொள்பவர்கள், அலைக்குளத்தில் இறங்கிய பிறகு மணியைப் பார்ப்பதில்லை. யாருடைய முறை எப்போது என்பதை எழுதி அத்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி வழக்குரைஞர்

இந்த ஒன்றில் வணிகருடன் உடன்படுகிறேன். பூங்காவை முன்னதாகத் தொலைபேசியில் அழைத்து, சக்கர நாற்காலி தருவார்களா, எந்த வாயிலில் சாய்தளம் உள்ளது, உடன் இருப்பவர் வரிசையில் நிற்காமல் செல்ல வழி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுத்துப்பூர்வமாக ஒரு கோரிக்கை அனுப்புங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.

சூரமங்கலம் மருமகள்

அப்படியே செய்கிறேன், ஐயா. பூங்காவில் நாற்காலி கிடைக்காவிட்டால் சேலத்திலிருந்தே கொண்டு செல்லலாமா?

அஸ்தம்பட்டி இயன்முறை மருத்துவர்

கொண்டு செல்லலாம். மடக்கும் வகை நாற்காலி வேனின் பின்புறத்தில் அடங்கிவிடும். மருத்துவ உபகரணக் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கடையிலேயே அத்தையை ஒரு முறை உட்கார வைத்து, இரண்டு பக்க பிரேக்கும் பிடிக்கின்றனவா, கால் தாங்கிகள் தடையின்றி மடங்குகின்றனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.