மடியும்போது கைரல் (தன் ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத) பாலிமரின் ஒளிச்சுழற்சி மாறுவது ஏன்?

கேள்வி:
பாலி-எல்-குளுட்டாமிக் அமிலக் கரைசலின் பிஎச் மதிப்பை 7-லிருந்து 4.5 அளவுக்குக் குறைத்தால், ஒழுங்கின்றிக் கிடந்த சங்கிலி ஆல்ஃபா சுருளாக மடிகிறது. ஒளிச்சுழற்சியும், அதாவது முனைவுற்ற ஒளியின் தளத்தைக் கரைசல் திருப்பும் அளவும், பெரிதும் மாறுகிறது. சகப்பிணைப்பு எதுவும் முறியவில்லை. சீர்மையற்ற கார்பன்கள் அனைத்தும் எல் வடிவிலேயே (இரு ஆடிப்பிம்ப வடிவங்களில் ஒன்றிலேயே) இருக்கின்றன. அப்படியிருக்க இந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது? கார்பாக்சில் தொகுதிகள் மின்சுமையை இழப்பதுதான் காரணமா?

பதில் 1:
மின்சுமை நீங்குவதால் பக்கத் தொகுதிகளுக்கு இடையிலான விலக்கம் தணிந்து சங்கிலி மடிய வழி கிடைக்கிறது, அவ்வளவே. சுழற்சி மாற்றத்தின் பெரும்பங்கு முதுகுச்சங்கிலியின் அமைடு தொகுதிகளுக்குரியது. அமைடு தொகுதி தட்டையானது, தன்னளவில் கைரல் தன்மை அற்றது. ஆனால் சுருளில் அவை ஒரே திசையில் திருகி அடுக்கப்படும்போது, ஒன்றின் எலக்ட்ரான் கிளர்வு அண்டைத் தொகுதிகளின் கிளர்வோடு பிணைந்து, அந்த உட்கவர் பட்டை 190, 208 நானோமீட்டர் அருகே எதிரெதிர்க் குறியுடைய இரண்டாகப் பிரிகிறது. 222-இல் இன்னொரு எதிர்க்குறி (மைனஸ்) பட்டையும் தோன்றுகிறது. இடவட்ட, வலவட்ட முனைவுற்ற ஒளிகள் உட்கவரப்படும் அளவில் உள்ள வேறுபாட்டையே இங்கு பட்டை என்கிறேன். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டரில் நீங்கள் காணும் சுழற்சி, புறஊதாவில் இருக்கும் இப்பட்டைகளின் நீண்ட வால்தான்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அலகின் கைத்தன்மையை வைத்துச் சுருளின் திசையை முடிவுசெய்துவிடக் கூடாது. பாலி-பீட்டா-பென்சைல்-எல்-அஸ்பார்ட்டேட்டும் எல் அலகுகளால் ஆனதே; எனினும் அது இடஞ்சுழிச் சுருளாக மடிகிறது. இதைவிட வியப்பானது, சுருளாக அமையும் செயற்கைப் பாலிமரான பாலிஐசோசயனேட்டு. ஹெக்சில் ஐசோசயனேட்டின் ஒரு ஹைட்ரஜனை டியூட்டீரியமாக (கன ஹைட்ரஜனாக) மாற்றி மட்டுமே கைரல் ஆக்கினால், தனி அலகின் சுழற்சி ஒரு பாகையைக்கூட எட்டுவதில்லை. பாலிமரிலோ அது நூற்றுக்கணக்கான பாகைகளாகிறது. அலகுதோறும் மிகச் சிறிதாக உள்ள விருப்பம் நீண்ட சுருள் முழுவதிலும் கூடிச்சேர்ந்து ஒரு திசையை வெல்லச் செய்கிறது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் சுருளாக மடிந்ததா என்று அறிய 222-இல் மட்டும் அளந்தால் போதுமா?

பதில் 1:
போதாது. பாலி-எல்-லைசின் சுருளைக் காரக் கரைசலில் சூடாக்கினால் பீட்டா தாளாக (நீண்ட சங்கிலிகள் பக்கம்பக்கமாக அமைந்த வடிவாக) மாறும்; அதற்கும் 217 அருகே எதிர்க்குறிப் பட்டை உண்டு என்பதால், ஒற்றை அலைநீளம் ஏமாற்றிவிடும். 190 முதல் 250 வரை முழு நிறமாலையையும் எடுங்கள். பிஎச் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடப் பெர்குளோரிக் அமிலம் மேல், ஏனெனில் குளோரைடு அயனி 200-க்குக் கீழே தானே ஒளியை உட்கவரும். மிகவும் குறைத்தால் சுருள்கள் ஒன்றோடொன்று திரண்டு கரைசல் கலங்கும். அப்போது ஒளிச்சிதறலே நிறமாலையைத் திரித்துவிடும்.