மாணவர்களுக்குக் கமிட் போடும் பழக்கம் வரவே இல்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் பைத்தான் நிரல்மொழி ஆய்வகம் நடத்துகிறேன். 34 பேர், 15 கணினி, எல்லாமே விண்டோஸ் 7, 4 ஜிபி ராம், அதனால் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. இணையம் வரும், போகும்.

ஜூலையிலிருந்து கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கிறேன். மாற்றத்தை ஒரு சிறு செய்தியோடு அதில் பதிவதுதான் கமிட். ஆனாலும் டெஸ்க்டாப் முழுக்க பைனல், பைனல்2, பைனல்_சரியானது என்றுதான் கோப்புகள். கமிட் வருவது சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு, ஒரே ஒரு முறை, 400 வரியும் மொத்தமாக, செய்தியில் "அஅஅஅ". போன வாரம் ஒரு பென்டிரைவ் செத்து மூன்று பேருடைய புராஜெக்ட் போனது, அப்போதாவது திருந்துவார்கள் என்று பார்த்தால், மறுநாள் புதுப் பென்டிரைவோடு வந்து நிற்கிறார்கள்.

கமிட் எண்ணிக்கைக்கு 5 மதிப்பெண் வைத்தேன். வெற்று வரியாகச் சேர்த்து 20 கமிட் போட்டுவிட்டார்கள் (இதில் மட்டும் மூளை நன்றாக வேலை செய்கிறது). கமிட் போட இணையமே வேண்டாம் என்று காட்டி, ஆய்வகத்திலேயே பொதுக் கோப்புறையில் ரெப்போ (கமிட்கள் சேரும் களஞ்சியம்) வைத்துக் கொடுத்தேன். முதல் மெர்ஜ் கான்பிளிக்ட் (இருவர் ஒரே இடத்தை வேறு வேறாக மாற்றினால் வரும் மோதல்) வந்ததும் நடுவில் முளைத்த குறிகளைப் பார்த்துப் பயந்து கோப்புறையையே அழித்துவிட்டார்கள். அப்புறம் ஒருவர் நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்லும் முறை. எல்லோரும் எழுதியது "சூப்பர்".

வாரத்துக்கு 2 மணி நேரம்தான் கிடைக்கிறது, அதுவும் 4.30 ஆனால் பாதிப் பேர் போச்சம்பள்ளி, ஊத்தங்கரை பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள்.

மதிப்பெண்ணைக் காட்டாமல், சின்னச் சின்னதாகக் கமிட் போட வைக்க உங்கள் வகுப்பில் எந்தப் பயிற்சி உண்மையில் வேலை செய்தது?