மறு: மெயில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் கொண்டுபோறதுக்கு என்ன சொல்? "அமைவேடு" சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு மெயில் புரோகிராம்லேருந்து இன்னொண்ணுக்கு கணக்கோட செட்டிங்ஸை கொண்டுபோறதுக்கு தமிழ்ல என்ன சொல்றதுன்னு இந்த இழையில பேசிக்கிட்டிருக்கோம், வந்த மடல் எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சுட்டேன். டர்பன் தம்பி எழுதினதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

> ஏற்றுமதி இறக்குமதினே விட்டுடலாமே அண்ணே, பாதி மென்பொருள்ல ஏற்கனவே அப்படித்தான் போட்டிருக்கு, புதுசா ஒண்ணு சொன்னா யாருக்கும் புரியாது

நியாயமான பேச்சுதான் தம்பி. போட்டோ, டாக்குமெண்ட், முகவரிப் பட்டியல் இதுக்கெல்லாம் அந்த ரெண்டு சொல்லும் போதும், நானும் அதைத்தான் எழுதுறேன். ஆனா மெயில் கணக்கோட செட்டிங்ஸ்னு வரும்போது அந்தச் சொல் ஆளை ஏமாத்துது. எங்க மொரீசியஸ் தீவுல அரிசி, மாவு, பருப்புலேருந்து கார் வரைக்கும் போர் லூயி துறைமுகத்துல கப்பல்லேருந்து இறங்குறதுதான், அதனால இறக்குமதி முடிஞ்சதுனு சொன்னா சரக்கு முழுசா கரைக்கு வந்துடுச்சு, இனிமே பழைய இடத்துல ஒண்ணுமில்லைனுதான் இங்க எல்லாரும் எடுத்துக்குவாங்க.

போன தைப்பூசக் காவடிக்கு முன்னாடி ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவில் ஆபிஸ்ல இதேதான் நடந்துச்சு. பழைய கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் புரோகிராம், புதுசுல வேற ஒண்ணு. செயலாளர் பொறுமையா எக்ஸ்போர்ட் அழுத்தி ஃபைலை பென் டிரைவ்ல போட்டு, புது மெஷின்ல சேர்த்தாரு, முடிஞ்சதுன்னு திரையில வந்துச்சு, சரி பழசை துடைச்சு யாருக்காவது குடுத்துடலாம்னு பேச்சு. திறந்து பார்த்தா காவடி எடுக்கிறவங்க பேர் அனுப்பின மடல் ஒண்ணையும் காணோம், கடவுச்சொல் கேக்குது, அதை டைப் அடிச்ச ஆள் யாருன்னே யாருக்கும் ஞாபகம் இல்ல, அதையும் தேடிப்பிடிச்சு போட்டா புது மடல் வருது, ஆனா பதில் அனுப்பினா போகமாட்டேங்குது. இறக்குமதி கெட்டுப்போச்சுனு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. கெட்டுப்போகவே இல்ல, அது செய்யவேண்டியதை ஒழுங்கா செஞ்சிருக்கு. பட்டன் மேல இருந்த சொல்தான் வேற எதையோ எதிர்பார்க்க வச்சுடுச்சு.

அந்த ஃபைலுக்குள்ள என்னதான் இருக்குனு பார்த்துட்டு பேர் வைப்போம், அதுதான் சரியான முறை. உங்க பேரு, முகவரி, மடல் வாங்குற சர்வர் பேரு, அது ஐமேப்பா (மடல் சர்வர்லேயே இருக்கும்) பாப்பா (மடலை மெஷினுக்கு இறக்கிடும்), எத்தனாவது போர்ட், அதாவது சர்வரோட கதவு எண் (பூட்டுப் போட்ட ஐமேப்னா 993, பாப்னா 995), அனுப்புற சர்வர் பேரு, அதோட போர்ட் (587 இல்ல 465), அப்புறம் சில புரோகிராம்ல கையொப்பம். அவ்வளவுதான், ரெண்டு பக்கம் கூட வராது. பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல ஒரு கணக்குக்கு ஒரு ஐஏஎஃப் ஃபைல்னு கிடைக்கும். போன்ல ஓடுற கே-9 மெயில் இதையே எக்ஸ்எம்எல்லா எழுதும். கம்ப்யூட்டர் மெயில் புரோகிராமான தண்டர்பேர்ட்ல ப்ரொஃபைல் போல்டர்குள்ள பிரெஃப்ஸ்.ஜேஎஸ்ன்னு ஒரு ஃபைல், நோட்பேட்லயே திறந்து வாசிக்கலாம், சர்வர்1, சர்வர்2ன்னு வரிவரியா நிக்கும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எழுதுது, எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே ஃபைல் வடிவம் செட்டிங்ஸுக்கு புழக்கத்துல இல்ல, அதனாலதான் ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு வாசிக்கமாட்டேங்குது. மடலுக்காவது எம்பாக்ஸ்னு பழைய வடிவம் ஒண்ணு இருக்கு, முகவரிக்கு விகார்ட் இருக்கு.

கடவுச்சொல் ஏன் கூட வரலைனு கேட்டிருந்தீங்க அக்கா. பல புரோகிராம் வேணும்னே விட்டுடுது. கே-9 ஏற்றுமதில கடவுச்சொல் இருக்காது, ஃபைலை வேற போன்ல சேர்த்ததும் கேக்கும், நல்லதுதான், அந்த ஃபைல் யார் கையில கிடைக்கும்னு யாருக்குத் தெரியும். விண்டோஸ்ல சேமிச்சதுன்னா அந்த மெஷின்ல அந்தப் பயனரோட பேர்ல பூட்டி வச்சிருக்கும், வெறும் ஃபைலை மட்டும் தூக்கிட்டு வந்தா திறக்காது. தண்டர்பேர்ட்ல லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி ரெண்டும் சேர்ந்தாதான் கடவுச்சொல் உயிரோட வரும், ஒண்ணு மட்டும் வந்து பிரயோஜனம் இல்ல. இப்போ இன்னொரு சங்கதி. தனிநபர் ஜிமெயில் கணக்குக்கு 2022 மே 30லேருந்து வெறும் பேரும் கடவுச்சொல்லும் குடுத்து வெளி புரோகிராம் உள்ள போக முடியாது, அவுட்லுக்.காம்ல 2024 செப்டம்பர் 16லேருந்து அதே கதை. ஓஆத்ங்கிற அனுமதி முறை வழியா பிரவுசர் திறந்து அனுமதி குடுக்கணும், இல்லேன்னா ஜிமெயில்ல ரெண்டு அடுக்கு சரிபார்ப்பு போட்டுட்டு அந்தப் புரோகிராமுக்குன்னே 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும். அந்த அனுமதி பழைய மெஷின்ல பழைய புரோகிராமுக்கு குடுத்தது, செட்டிங்ஸை கொண்டுவந்தாலும் புதுசா ஒருதரம் குடுத்தே ஆகணும்.

அனுப்ப முடியாததுக்கு காரணம் இன்னும் சின்னது. பழைய செட்டிங்ஸ்ல போர்ட் 25ன்னு இருந்துச்சு, அந்தக் காலத்துல அப்படித்தான் போடுவாங்க. ஸ்பாம் தொல்லையால இன்டர்நெட் குடுக்கிற கம்பெனிங்க நிறைய பேரு வீட்டு லைன்லயும் ஆபிஸ் லைன்லயும் 25ஐ அடைச்சுட்டாங்க, 2018ல வந்த ஆர்எஃப்சி 8314ங்கிற இன்டர்நெட் நெறிமுறை ஆவணம் ஆரம்பத்துலேயே பூட்டுப் போட்ட 465ஐத்தான் போடச் சொல்லுது, 587ம் புழக்கத்துல இருக்கு. அதனால பழைய செட்டிங்ஸை அப்படியே கொண்டுவர்றதுன்னா பழைய தப்பையும் சேர்த்து கொண்டுவர்றதுதான். கோவில்ல 25ஐ 587ன்னு மாத்தி, பூட்டு வகையை ஸ்டார்ட்டிஎல்எஸ்னு போட்டதும் மடல் போயிடுச்சு. மடல் காணாமப் போனதுக்கு பாப்தான் காரணம், வந்ததெல்லாம் பழைய மெஷினுக்கு இறங்கி சர்வர்லேருந்து அழிஞ்சிருக்கு, பழசை துடைக்காம வச்சிருந்ததால தப்பிச்சோம்.

சரி, இப்போ சொல்லுக்கு வர்றேன்.

> "கணக்குப் பெயர்ப்பு" – மொழிபெயர்ப்பு, இடப்பெயர்ப்பு மாதிரி. சுத்தமான தமிழ்

ரங்கூன் அண்ணா, சொல் அழகாத்தான் இருக்கு, தனியா நின்னா நானே கை தூக்கியிருப்பேன். ஆனா அது நிக்கப்போற இடத்தைப் பாருங்க. செட்டிங்ஸ் ஜன்னல்ல மேல முதல் கட்டமே "கணக்குப் பெயர்". அதுக்கு நாலு வரி கீழ "கணக்குப் பெயர்ப்பு"ன்னு இருந்தா அவசரத்துல வாசிக்கிற ஆளு பேரை மாத்துறதுக்கான பட்டன்னுதான் நினைப்பாரு. எங்க வகுப்புல பிள்ளைங்க வீட்டுல பேசுறது கிரியோல், தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவங்க, ஒரு "ப்பு" வித்தியாசத்துல அர்த்தம் மாறுற சொல்லை அவங்க முன்னாடி வைக்க எனக்கு மனசு வரல.

> செட்டிங்ஸ் = அமைப்பு, அதனால "கணக்கு அமைப்பு மாற்றம்" போதும்

இதுல மூணு சிக்கல். மாற்றுங்கிற சொல் நமக்கு ரெண்டு வேலை பாக்குது, வேற மாதிரி ஆக்குறதும் மாத்துறதுதான், வேற இடத்துக்கு அனுப்புறதும் மாத்துறதுதான், வேலை மாற்றல்னு சொல்றோமே அதுமாதிரி. "அமைப்பை மாற்று"ன்னு பட்டன் இருந்தா அழுத்தினவுடனே என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்தது அமைப்பு. மொரீசியஸ்ல "தமிழ் அமைப்புகள்"னா சங்கம், மன்றம், கோவில் கமிட்டி, அது ஊன்றிப்போன அர்த்தம், பன்மைல எழுதினா வேற எதுவும் தோணாது. அமைவுன்னு வச்சுக்கிட்டா தப்பிச்சோம். கடைசியா கணக்கு, இதை வெறுமனே எழுதினா கோவில் பொருளாளர் உண்டியல் கணக்குனுதான் வாசிப்பாரு, அவர்மேல தப்பே இல்ல, அதனால கணக்குனு வர்ற இடத்துல எல்லாம் மடற்கணக்குன்னே முழுசா எழுதிடுவோம்.

ரெயூனியோன் அக்கா சொன்ன "குடிபெயர்ப்பு" உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் ரொம்ப நெருக்கமான சொல். 1834லேருந்து கப்பல்ல வந்தவங்களோட பேரப்பிள்ளைங்கதானே நாம பாதிப்பேரு, அவங்க வந்து இறங்கின ஆப்ரவாசி காட் படிக்கட்டுல நின்னவங்களுக்கு அந்தச் சொல்லோட எடை தெரியும். ஆனா குடிபெயர்ந்தவங்க பழைய வீட்டுல இல்ல. மடற்கணக்கு அப்படி இல்ல அக்கா, செட்டிங்ஸ் பழைய புரோகிராம்லயும் அப்படியே இருக்கு, ஐமேப்னா ரெண்டும் ஒரே சர்வரைப் பார்த்து ஒரே மடலைக் காட்டிக்கிட்டிருக்கும். ஒண்ணும் பெயரல, எழுதி எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

எழுதி எடுத்துக்கிறதுன்னு நினைச்சதும்தான் ஏடு ஞாபகம் வந்துச்சு. பதிவு எழுதினது பதிவேடு, குறிப்பு எழுதினது குறிப்பேடு, அமைவு எழுதினது அமைவேடு. சொல் எப்படி உண்டாச்சுனு விளக்கவே வேணாம், பிள்ளைங்களுக்கு மத்த ரெண்டும் ஏற்கனவே தெரியும். செயலுக்கு பேர் வைக்காம ஃபைலுக்கு பேர் வச்சோம்னா செயல் தானா வந்துடுது, எக்ஸ்போர்ட் பட்டன்ல "அமைவேடு எடு", இம்போர்ட் பட்டன்ல "அமைவேட்டிலிருந்து நிரப்பு". நிரப்புங்கிறதை நான் பிடிவாதமா கேக்குறேன், ஏன்னா நடக்கிறது அதுதான், காலியா இருக்கிற கட்டங்கள்ல பேரும் சர்வரும் போர்ட்டும் நிரம்புது. நிரப்பினதுல ஏதாவது பழசா இருந்தா திருத்தலாம்ங்கிற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கு. இறக்குமதில அது இல்ல.

மடல்களை மொத்தமா எடுத்துப்போறதுக்கு வேற சொல் வேணும், ரெண்டும் ஒண்ணில்லைன்னு ஆளுக்குத் தெரியணும்ல. சுவடிக்கட்டு, ஓலைக்கட்டு மாதிரி மடற்கட்டுன்னு சொல்லலாம், எம்பாக்ஸ் ஃபைல், அவுட்லுக்கோட பிஎஸ்டி ஃபைல் எல்லாம் இதுல வரும். மடலுக்கே ஓலை சம்பந்தம் இருக்கிறதால கட்டு நல்லா ஒட்டுது. அப்போ கோவில் ஆபிஸுக்கு எழுதிக்குடுக்கிற தாள்ல "அமைவேட்டில் மடல்கள் இருக்காது, கடவுச்சொல்லும் இருக்காது, மடற்கட்டைத் தனியாக எடுக்கவும்"னு ஒரே வரில சொல்லிடலாம். இறக்குமதிய வச்சு இதே வரிய எழுதிப்பாருங்க, அரைப்பக்கம் ஆகும்.

தண்டர்பேர்ட்லேருந்து இன்னொரு தண்டர்பேர்ட்டுக்கு ப்ரொஃபைல் முழுசா போகும்போது மட்டும் தம்பி சொன்ன ஏற்றுமதி பொருந்தும், அங்க மடல், செட்டிங்ஸ், வடிகட்டி, முகவரி எல்லாமே ஒரு ஜிப்ல போயிடுது. 2 ஜிபிக்கு மேல இருந்தா அந்த வழி வேலை செய்யாது, போல்டரையே காப்பி பண்ணணும். அங்க ஏற்றுமதினே இருக்கட்டும், எனக்கு சண்டை இல்ல.

போல்டர் பேர் பத்தி யாரும் எழுதலையே, எங்களுக்கு அது பெரிய தலைவலி. இங்க ஒரு மெஷின் பிரெஞ்சுல இருக்கும், ஒண்ணு இங்கிலீஷ்ல இருக்கும். அமைவேட்டுலேருந்து நிரப்பி முடிச்சதும் பார்த்தா "சென்ட்"னு ஒரு போல்டர், பிரெஞ்சுல "ஆன்வாயே"ன்னு ஒண்ணு, அனுப்பின மடல் பாதி இதுல பாதி அதுல. ஆர்எஃப்சி 6154ன்னு 2011லயே ஒரு முறை வந்துச்சு, எந்தப் போல்டர் அனுப்பினது எது குப்பைன்னு சர்வரே அடையாளம் சொல்லும், ஆனா எல்லா சர்வரும் சொல்றதில்ல, சொன்னாலும் எல்லா புரோகிராமும் கேக்குறதில்ல. கணக்கு அமைவுக்குள்ள போய் அனுப்பினதை எங்க வைக்கணும்னு கையால ஒருதரம் காட்டிட்டா தீர்ந்துடும். தமிழ் முகப்பு வந்தா "அனுப்பியவை"ன்னு மூணாவதா ஒண்ணு முளைக்கும், மொழிபெயர்க்கிறவங்க திரையில தெரியுற பேரை மட்டும் தமிழாக்கணும், சர்வர்ல இருக்கிற பேரைத் தொடக்கூடாது, இதை இப்பவே எழுதி வச்சுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. முகவரியும் கடவுச்சொல்லும் குடுத்தா புரோகிராமே செட்டிங்ஸை கண்டுபிடிச்சுக்குது இல்லையா, தண்டர்பேர்ட் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலை தேடிப்போய் வாசிக்குமே, அதுக்கு ஒருத்தர் "தானமைவு"ன்னு எழுதியிருந்தாரு. அன்னதானம், தானப்பட்டியல்னு நாள்பூரா பேசுற இடத்துல அது தானமாத்தான் கேக்கும். தன் அமைவு, தன்னமைவுன்னு வச்சா அந்தக் குழப்பம் இல்ல. தன்னமைவு வேலை செய்யுற கணக்குக்கு அமைவேடே தேவையில்லைங்கிறதையும் உதவிப் பக்கத்துல முதல் வரியா போடணும், ஜிமெயில் மாதிரி பெரிய கம்பெனி மடற்கணக்கு வச்சிருக்கிறவங்க சும்மா ஃபைலைத் தூக்கிட்டு அலைய வேணாம், சொந்த டொமைன் (முகவரில @க்கு அப்புறம் வர்ற பேரு) வச்சிருக்கிற சங்கம், கோவில், பள்ளிக்கூடம் இவங்களுக்குத்தான் அது உண்மையில வேணும்.

மறுப்பு இருக்கிறவங்க எழுதுங்க, முக்கியமா அமைவேடுங்கிறது "அமைப்பேடு"ன்னு யார் காதுலயாவது விழுதான்னு சொல்லுங்க. ரங்கூன் அண்ணா, மாத்து கணக்கு, அதாவது ஒரே புரோகிராம்ல ஒரு கணக்குலேருந்து இன்னொண்ணுக்கு தாவுறது, அதுக்கு நீங்க முன்னாடி ஒரு சொல் வச்சிருந்தீங்க, அதையும் இதே இழையில போட்டா சேர்த்தே முடிச்சிடலாம்.

அன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து