'பீஸ்டி'யில் மிஞ்சும் அசைக்கு என்ன பெயர்?

அன்பர்களே, திங்களன்று வகுப்பு. ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் சுண்டெலியைப் பார்த்துப் பாடிய ஸ்காட்லாந்துப் பாட்டு. யாப்பைச் சொல்ல நம் சொற்களே போதும்: ஆறடி, நான்காவதும் ஆறாவதும் குறளடி (இரு சீர்), மற்றவை அளவடி (நான்கு சீர்), இயைபு அஅஅஆஅஆ. ஓரிடத்தில் மட்டும் முட்டுகிறது. முதலடி இது; 'பீஸ்டி' (குட்டி விலங்கு) என்று முடிகிறது:

வீ ஸ்லீ | கிட் கௌ | ரின் டிம் | ரஸ் பீஸ் | டி

நான்கு சீர் முடிந்த பிறகும் அழுத்தமில்லாத ஒரு 'டி' தொங்குகிறது. ஆங்கிலத்தார் இதைப் 'பெண் ஈறு' என்கிறார்கள். மாணவிகள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு சொல் உண்டா?

———

ஏன் இல்லை? 'அசைகூன்' என்று தொல்காப்பியர் செய்யுளியலில் எடுத்துவைத்திருக்கிறார். கூன், கூனல், கூனி, குனி, குனிவு எல்லாம் ஒரே வேர். அளவுக்கு வெளியே முதுகுபோல் துருத்திக்கொண்டிருப்பது கூன்.

———

> அசைகூன்

ஐயா, கூன் அடியின் முதலில் அல்லவா வரும்? அதுவும் பொருள் தரும் தனிச்சொல்லாக வர வேண்டும். 'டி' என்பது பீஸ்டியின் வால். பிள்ளைகளுக்குக் கூனிதான் நினைவுக்கு வருவாள். 'மிகையசை' என்றால் யாருக்கும் புரியும்.

———

இடையில் ஒன்று. இந்த யாப்புக்கு 'ஸ்டாண்டர்ட் ஹாபி' என்று பெயர். கில்பார்க்கன் ஊரில் பைப் ஊதிய ஹாபி சிம்சன் இறந்ததற்கு ராபர்ட் செம்பில் பாடிய இரங்கற்பாவிலிருந்து வந்தது. 'ஹாபி யாப்பு' என்றே எழுதலாமா?

———

கிரந்தம் எதற்கு? 'ஆபி யாப்பு' என்க.

———

ஆபி என்றால் யார் என்று தேடவே ஒரு வகுப்பு போய்விடும்.

———

வஞ்சிப்பாவில் கூன் அடியின் இறுதியிலும் வரும்; யாப்பருங்கலம் என்னும் இலக்கண நூலைப் பார்க்கவும். 'மிகை' என்றால் வெட்டிவிடலாம் என்று பொருள். முதலடி முடியும் பீஸ்டி, இரண்டாமடி முடியும் ப்ரீஸ்டி இரண்டிலும் 'டி'யை வெட்டினால் இயைபில் பாதி போய்விடுமே!

———

நன்றி. நால்வர் மிகையசை, ஒருவர் அசைகூன். ஹாபிக்கு 'ஹா'வே இருக்கட்டும். படி எடுக்கக் கொடுத்துவிட்டேன்.

———

கொடுத்தது கொடுத்ததுதான். ஆனாலும் ஐந்தாம் அடியைப் பாருங்கள்: 'சேஸ் தீ'. அங்கே மிஞ்சுவது 'தீ'; 'உன்னை' என்னும் முழுச்சொல். அதுவும் வாலா?