25 என்ற எண் எல்லா வயதினருக்கும் பொருந்துமா?

கல்லடி வாசகி:
மார்பகப் புற்றுநோயில், கட்டியின் மரபணுக்களை அளந்து நோய் திரும்பும் அபாயத்தைப் புள்ளியாகத் தரும் 21 மரபணுச் சோதனையின் புள்ளி 25ஐத் தாண்டாவிட்டால் கீமோ எவருக்கும் தேவையில்லை என்று அக்கரைப்பற்று ஆசிரியர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கனடாவிலிருந்து மாமா காசு அனுப்பித்தான் என் தங்கைக்கு அந்தச் சோதனையைச் செய்வித்தோம். புள்ளி 22. வைத்தியர் அந்த எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் 44 என்று அவளுடைய வயதை எழுதினார். நிணநீர்க்கணுவுக்குப் பரவாத, ஹோர்மோனைப் பற்றும் வாங்கிகள் உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத புற்றுநோயில் புள்ளி 11 முதல் 25 வரை ஹோர்மோன் சிகிச்சையே போதும் என்று 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு சொன்னது உண்மை; ஆனால் 50 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு 16 முதல் 25 வரை கீமோவால் ஓரளவு பயன் உண்டு என்றும் அதே ஆய்வுதான் சொன்னது.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய ஆய்வின் பிரதான முடிவையே எழுதினேன். இளவயதினரில் கண்ட பயன், கீமோ சூலகங்களை அடக்கி ஹோர்மோனைக் குறைப்பதால் வந்ததாகவும் இருக்கலாம். அத்துடன், இருபது வருடம் உயிரியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் பாடநூலில் உள்ள சொல் மரபணு அல்ல, பரம்பரையலகு.

கல்லடி வாசகி:
வயதைக் கேட்டால் சொல்லைத் திருத்துகிறீர்கள், சேர். சென்ற வருடம் தடுப்பூசி விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

களுவாஞ்சிக்குடியான்:
இருவரும் நிர்ப்பீடனத்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்பை, மறந்துவிட்டீர்கள். கட்டிக்குள் ரீ கலங்கள் என்ற நோயெதிர்ப்பு வெண்கலங்கள் புகுந்துள்ளனவா என்பதை இச்சோதனை பார்ப்பதேயில்லை.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
பார்க்கிறது. 21இல் ஐந்து ஒப்பீட்டுக்கானவை. மீதி 16இல் சீடி68 என்ற மரபணு உண்டு. அது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலங்களான பெருந்தின்கலங்களின் அடையாளம்.

களுவாஞ்சிக்குடியான்:
நான் சொன்னது ரீ கலங்களை. புள்ளியைக் கணிக்கும் சூத்திரத்தில் கலங்கள் பெருகுவதைக் காட்டும் மரபணுக் குழுவுக்கு 1.04 நிறை, சீடி68க்கு வெறும் 0.05. இதை நிர்ப்பீடன அளவீடு என்று எந்த மாணவனுக்குப் படிப்பித்தீர்கள்?

அக்கரைப்பற்று ஆசிரியர்:
இருக்கிறதா என்றால் இருக்கிறது. நிறையை நான் பேசவில்லை.

கல்லடி வாசகி:
சீடி68ஐ விடுங்கள். பயன் எந்த வழியில் வந்தாலும் ஆய்வில் அது காணப்பட்டது. கிளினிக்கில் விடிய ஐந்து மணிக்கே வந்து நம்பர் எடுத்துக் காத்திருக்கும் நாற்பது வயதுப் பெண்ணொருத்தி உங்கள் பதிவை நம்பிக் கீமோவை மறுத்தால் யார் பொறுப்பு? "எவருக்கும்" என்ற ஒரு சொல்லை நீக்குங்கள்.

அக்கரைப்பற்று ஆசிரியர்:
பிரதான முடிவு அதுதான். நீக்க மாட்டேன்.

கல்லடி வாசகி:
அப்படியானால் உங்கள் பதிவு இருக்கும்வரை அதன் கீழே எழுதிக்கொண்டிருப்பேன்: புள்ளி 22, வயது 44.