பெட்டிமுடி கவிதையில் இறந்தவர்கள் பெயரைப் போடலாமா?

லயத்துக்காரி:
நான் மூணாறு பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். ஒரு வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் எழுதி வருகிறேன். வரும் ஆகஸ்ட் 6-க்காக, எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான பெட்டிமுடி பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். 2020-இல் அந்த ராத்திரி மலை சரிந்து லயங்களோடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு, 70 பேர் போனார்கள். நாலு பேர் உடல் கிடைக்கவே இல்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

கவிதையில் பதினைந்து பேர் பெயரை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் பேப்பரில் வந்த பெயர்கள்தான். ஆனால் அங்கே சொந்தங்களைப் பறிகொடுத்த ஒரு அக்கா, "பேரைப் போன் போனா அனுப்பாதீங்கடி" என்கிறார். பெயர் இல்லாமல் விட்டால் எழுபது என்பது வெறும் எண்ணாகிவிடுமே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அட்மினோ, கடைசி இரண்டு வரியை எடுத்தால்தான் போடுவேன், கவிதையில் கணக்கு எதற்கு, அரசியல் வேண்டாம் என்கிறார். ஒரு பகுதியைக் கீழே தருகிறேன். மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

மழை வந்தது என்றுதான் சொல்கிறீர்கள்.
அவர்கள் தூங்கிய ஒற்றை அறையை
அந்தச் சரிவில் கட்டியது மழை இல்லை.
ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு
இறங்கிப் போகவேண்டிய வீடு அது.
உழைப்பை உறிஞ்சும் பேய்களே,
எங்கள் ரத்தம் உங்கள் தேநீர்!
இங்கே தலைக்கு ஐந்து லட்சம்.
மறுநாள் விமானத்தில் இறந்தவர்களுக்குப் பத்து.

பீருமேடு வாத்தியார்:
தங்கச்சி, முதலில் அட்மின் விஷயம். அந்த இரண்டு வரியை விடவே விடாதே. ஐந்து லட்சமும், கரிப்பூர் விமான விபத்துக்குப் பத்து லட்சமும் அரசு ஊரறிய அறிவித்த நிவாரணத் தொகை. தோட்டத்து ஜனம் அன்றைக்கே கேட்ட கேள்வியைத்தான் நீ எழுதியிருக்கிறாய். ஆனால் விமானத்தில் போனவர்களும் நம்மைப் போல வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜனம்தான். அவர்கள் மேல் பழி விழுகிற மாதிரி வாசித்துவிடக் கூடாது. தொகையை நிர்ணயித்தவர்கள் யார் என்று ஒரு வரி சேர்த்தால் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போகும்.

பேய், ரத்தம், தேநீர் மூன்றையும் எடுத்துவிடு. நான் பார்த்த தோட்டக் கவிதை பாதியில் அது இருக்கிறது. சாவி வரிதான் உன்னுடையது. முப்பது நாற்பது வருஷம் உழைத்தவன் சொந்தமாக ஒரு கூரை இல்லாமல் இறங்குவதை அந்த ஒரு சாவி சொல்லிவிடுகிறது. அப்புறம், பெட்டிமுடி என்றாலே எல்லோரும், மண்ணில் புதைந்த குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்த குவி என்கிற நாயைத்தான் எழுதினார்கள். நீ லயத்தை எழுதியிருக்கிறாய், அதை விட்டு நகராதே.

கொழிஞ்சாம்பாறை செல்வி:
பெயர் பற்றி நான் சொல்கிறேன் அக்கா. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22-இல் குளிர்பானக் கம்பெனிக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றது ஆதிவாசிப் பெண்கள். 2004-இல் ஆலை நின்றது.  அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா பெயரை யார் கவிதையில் வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான், அவர் தானே முன்வந்து பேசியவர். ஆலையால் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது என்று போராட்டப் பந்தலில் என்னோடு உட்கார்ந்து அழுத பெண்ணின் பெயரை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை. பருப்பை எழுதினேன்.

பெட்டிமுடியில் இறந்தவர்களைக் கேட்க முடியாது. அவர்களுக்காகப் பேச இருப்பவர்கள் அந்த அக்கா மாதிரி ஆட்கள்தான். அவர் வேண்டாம் என்றால் அவர் வீட்டுப் பெயர்கள் வேண்டாம். மற்ற குடும்பங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். பலருக்கு கயத்தாறு பக்கம்தான் பூர்வீகம், அங்கேயும் சொந்தங்கள் இருக்கிறார்கள். சம்மதித்த பெயர்கள் மூன்றே இருந்தாலும் போதும்.

மறையூர் தம்பி:
அக்கா, எழுத்தாக மட்டும் போடாதீங்க. எங்க செட்டுல முக்கால்வாசி மலையாளம் மீடியம். வீட்டில் தமிழ் பேசுவோம், தமிழ் வாசிக்க வராது. உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள். 2015 செப்டம்பரில் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் மூணாறு தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியபோது எனக்குப் பத்து வயசு. 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்கு, 20 சதவீதம் போனஸ் கொடு என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட கோஷம் எல்லாமே தமிழ், நாங்க ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம் என்று. எழுதிப் படிக்காமலே இன்றும் எனக்கு மனப்பாடம். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல் அவர்களே பேசி போனஸை வாங்கினார்கள். கூலி அப்புறம் 301 ஆனது.

லயத்துக்காரி:
மூன்று பேருக்கும் நன்றி. பேயும் ரத்தமும் போய்விட்டது. கடைசி வரிகள் இப்போது இப்படி:

இங்கே தலைக்கு ஐந்து லட்சம்,
மறுநாள் இறந்தவர்களுக்குப் பத்து.
இரண்டையும் ஒரே அரசு எழுதியது.
அழுகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதையும் வேண்டாம் என்றால் அந்தக் குழுவில் போடமாட்டேன், என் பக்கத்திலேயே போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. தம்பி, நெட் சரியாகக் கிடைக்காத எஸ்டேட் டிவிஷன்களுக்கும் போய்ச் சேர ஆடியோ எத்தனை நிமிஷத்துக்குள் இருந்தால் நல்லது?