பிகேசியில் வேலை: செம்பூர், முலுண்ட், நெருல், டோம்பிவிலி... எது கட்டுப்படியாகும்?

திருச்சிக்காரன்:
ஜூன்ல மும்பை பிகேசி (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) ஆபீஸ்ல சேரணும். மனைவி, ரெண்டாங்கிளாஸ் பையன், ரெண்டு பெட்ரூம் வீடு. புரோக்கர்கள் சொன்ன வாடகை: செம்பூர் 58,000, முலுண்ட் கிழக்கு 45,000, நெருல் 40,000, டோம்பிவிலி 22,000. நம்ம ஆளுங்க இருக்குற இடமா இருந்தா நல்லது. வாடகை போக வேற என்ன செலவு வரும்?

ஹார்பர்லைன்:
பிகேசிக்குள்ள லோக்கல் ஸ்டேஷன் கிடையாது. இந்த நாலு ஊர்லேர்ந்தும் ரயில்ல வந்தா குர்லாவுல இறங்கி, மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோவோ பெஸ்ட் (மும்பை டவுன்) பஸ்ஸோ பிடிக்கணும். அந்த வரிசையில நிக்கிற நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.

செம்பூர்லேர்ந்து குர்லா ரெண்டாவது ஸ்டேஷன். கூட்டத்துல ஏற முடியலன்னாலும் சாந்தாக்ரூஸ்-செம்பூர் லிங்க் ரோடு வழியா ஆட்டோவுல போயிடலாம். நெருல் எட்டு ஸ்டேஷன் தள்ளி. பன்வேல் லோக்கல் நெருலுக்கு வர்றதுக்குள்ள நிறைஞ்சிடும். அங்கிருந்து ரயில் நின்னா டாக்ஸிதான். முலுண்ட்லேர்ந்து தாணே ஸ்லோ வண்டியில ஏறினா ஓரளவு மூச்சு விடலாம். டோம்பிவிலி வாடகையைப் பார்த்து மயங்காதீங்க. காலைல அங்கிருந்தே கிளம்புற லோக்கல் கிடைச்சாதான் ஒழுங்கா ஏற முடியும்.

நம்ம ஆளுங்கன்னா செம்பூர்ல செட்டா நகர், முருகன் கோயிலைச் சுத்தித் தேடுங்க. நெருல்லயும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. என் ஓட்டு: பட்ஜெட் இடம் கொடுத்தா செம்பூர், இல்லன்னா முலுண்ட்.

மாட்டுங்காவாசி:
அக்ரிமென்ட் விஷயம் சொல்றேன். இங்க 11 மாச லீவ் அண்ட் லைசென்ஸா (வீட்டு வாடகை ஒப்பந்தம்) இருந்தாலும் பதிவு கட்டாயம் (மகாராஷ்டிரா 1999 வாடகைச் சட்டம், பிரிவு 55). பொறுப்பு ஓனரோடது. "நோட்டரி போதும்"னு புரோக்கர் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஸ்டாம்ப் டூட்டி: மொத்த வாடகையோட டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 10% வட்டி சேர்த்து, அதுல 0.25%. முலுண்ட் கணக்கு: 45,000 × 11 = 4,95,000. டெபாசிட் 1,50,000ன்னா 11 மாச வட்டி 13,750. மொத்தம் 5,08,750, டூட்டி சுமார் 1,272. மாநகராட்சி எல்லைக்குள்ள பதிவுக் கட்டணம் 1,000. ஆன்லைன்ல பண்ணினா வீட்டுக்கே வந்து கைரேகை எடுப்பாங்க, அந்த ஆளுக்குத் தனிக் கூலி. இதுக்கு 8,000 கேட்டா பேரம் பேசுங்க.

புரோக்கர் கமிஷன் வழக்கமா ஒரு மாச வாடகை. புதுப்பிக்கும்போது திரும்பக் கேப்பாங்களான்னு இப்பவே கேட்டு வச்சுக்குங்க. ஓனர் குடியிருக்காம வாடகைக்கு விட்டா நான்-ஆக்குபன்ஸி சார்ஜ்னு சொசைட்டி (குடியிருப்புச் சங்கம்) வாங்குறது ஓனர் தலையில, உங்க மேல தள்ள விடாதீங்க.

மழைக்கணக்கு:
ஜூன்ல வர்றீங்கன்னா மே மாசமே வீட்டைப் பார்த்து முடிச்சிடணும். அப்ப சுவர் காய்ஞ்சிருக்கும், ஓதம் கண்ணுல படாது. மேற்குப் பார்த்த பெட்ரூம் சுவரையும், மேல்மாடின்னா கூரையோட மூலையையும் உத்துப் பாருங்க. ஒரு இடத்துல மட்டும் புதுப் பெயின்ட் இருந்தா, தென்மேற்குக் காத்து மழையை அடிச்ச இடமா இருக்கலாம். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்க, பூஞ்சை வாடை மறையாது.

வாட்ச்மேன்கிட்ட ரெண்டு கேள்வி: தண்ணி எத்தனை மணிக்கு வரும், போன மழைக்கு கேட் வரைக்கும் நின்னுச்சா. சயான், சுனாபட்டி பக்கம் தண்டவாளத்துல தண்ணி ஏறினா சென்ட்ரல், ஹார்பர் ரெண்டு ரயில் லைனுமே தடுமாறும், அது எந்த ஊர்ல இருந்தாலும் தப்பாது.

"900 சதுர அடி"ன்னு சொன்னா கார்பெட் (சுவருக்குள்ள புழங்குற தரை அளவு) எவ்வளவுன்னு கேளுங்க. பழைய கட்டடத்துல டேப் வச்சு அளந்துடுறது உத்தமம்.

திருச்சிக்காரன்:
நன்றிங்க. நாங்க அசைவம் சாப்பிடுவோம், பிரச்னை வருமா?

மாட்டுங்காவாசி:
சில சொசைட்டில வரும். டோக்கன் (முன்பணம்) கொடுக்குறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட வெளிப்படையா கேட்டு, பதிலை வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க. பையனுக்கு ஸ்கூல் பாக்கும்போது இன்னொண்ணு: 2020 சட்டப்படி இங்க எல்லா போர்டுலயும் மராத்தி உண்டு.